பூட்டிக் கிடக்கும் அறைக்குக் கடல் அலங்காரம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருகிறவர்களுக்கும் புரியும். காரைக்காலில், கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. மாடியில் கிழக்குப் பார்த்த 10க்கு 12 அறை ஒன்று சும்மா கிடக்கிறது. தை பிறப்பதற்குள் அதை விருந்தினர் அறையாக்க வேண்டும். கையில் 20,000 ரூபாய். வலை, சங்கு, நங்கூரம், நீல வெள்ளைக் கோடு என்று கடல் சாயலில், முடிந்தவரை சொந்தக் கையால் செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்குவது என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அறை பூட்டியே கிடக்கிறது, திறந்தால் ஒரு மாதிரி மக்கிய வாடை வருகிறது என்று. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கட்டட டிப்ளமோ முடித்துவிட்டுக் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் பதினெட்டு வருடமாக வீட்டு உள்வேலை செய்கிறேன். உண்மையைச் சொன்னால், நான் மாட்டிய அலங்காரத்தைவிடக் கழற்றிய அலங்காரம் அதிகம். அதில் முதலாவது நானே மாட்டியது. தரங்கம்பாடிப் பக்கம் ஒரு வீட்டில், கட்டிலுக்கு மேலே நிஜ மீன்வலை தொங்கவிட்டேன். கரையில் கழித்துப் போட்ட வலை; சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசியதோடு சரி. பக்கத்தில் இரும்பு நங்கூரம் ஒன்று. பங்குனியில் பார்க்க அத்தனை அழகு. ஐப்பசி மழையில் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். பாதி ராத்திரியில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்கள். வலை முடிச்சுகளில் காய்ந்து ஒட்டியிருந்த செதிலும் கசடும் ஈரக்காற்று பட்டதும் உயிர்பெற்று மீன் மார்க்கெட்டையே அறைக்குள் கொண்டுவந்திருந்தன. நங்கூரத்துக்குக் கீழே, டீ சிந்தி வழிந்த மாதிரி சுவரெல்லாம் துருக்கோடு. அந்த வீட்டுப் பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வலையை வெயில்ல காயப் போடுவாங்க தம்பி. வீட்டுக்குள்ள யாராச்சும் தொங்கவிடுவாங்களா?"

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு விதி: கழற்றி மொட்டைமாடி வெயிலில் போட முடியாத எதையும் கடலோர வீட்டின் விருந்தினர் அறையில் வைப்பதில்லை. நாம் புழங்கும் அறையில் காற்று ஓடும், விசிறி சுற்றும், ஈரம் தங்காது. விருந்தினர் அறை வருடத்தில் பத்து மாதம் மூடியே இருக்கும். கொண்டல் காற்றோடு உள்ளே வந்த உப்பு எல்லாப் பொருள்மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படியும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், துணியிலும் மரத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். வலைத்தளப் படங்களில் இருக்கும் கடல் அறைகள் பெரும்பாலும் வேறு தட்பவெப்பத்தில் எடுத்தவை. அதை அப்படியே இங்கே இறக்கினால் முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளாஸ்டிக் தாள் வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் சுவரில் அடைத்து ஒட்டுங்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மொட்டைமாடி ஒழுகலோ, குழாய்க் கசிவோ, வெளிப்பூச்சு விரிசலோ இருக்கும். அறைப் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்து விசிறியை ஓடவிட்டாலே பாதி சரியாகும். நீங்கள் போட்ட படத்தில் ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதுபோல் தெரிகிறது. அது உப்புப் பூத்ததா, பழைய பெயிண்ட் உரிந்து பொடிந்ததா என்று படத்தை வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உப்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த பொடியைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். நாள்பட்ட கொத்தனார்கள் அந்தப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

சுவர் காய்ந்திருக்கிறது என்று உறுதியானால், இந்த அறைக்கு நான் சொல்லும் முதல் கடல் அலங்காரம் கிளிஞ்சல் சுண்ணாம்பால் வெள்ளையடிப்பதுதான். சிரிக்காதீர்கள். கிளிஞ்சலைச் சூளையில் சுடும்போது அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடுகிறது. மிஞ்சியதைத் தண்ணீரில் நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அதாவது, வேதியியல் கணக்கில், மறுபடி சிப்பியாகிவிடுகிறது. சுவரில் பத்துச் சிப்பியை ஒட்டுவதற்குப் பதில் சுவரையே சிப்பியாக்கிவிடலாம். சுண்ணாம்பில் காரம் அதிகம் என்பதால் பூஞ்சணம் சுலபத்தில் பிடிக்காது, சுவரும் மூச்சுவிடும். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தத் தெருக்களில் மிச்சமிருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர்களைக் கையால் தடவிப் பாருங்கள். அந்த மங்கலான, மாவு தடவியது போன்ற வெள்ளை எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் வராது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்திருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, பொடிப்பொடியாக உதிரும். கையில் தண்ணீர் எடுத்துச் சுவரில் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் பிடிக்கும், முத்தாக உருண்டு வழிந்தால் பிடிக்காது. அப்படியானால் ஒரே ஒரு சுவரை மட்டும், காலை வெயில் விழும் மேற்குச் சுவரை, பூச்சு தெரியும்வரை சுரண்டிவிட்டு அதில் மட்டும் செய்யுங்கள். மற்ற மூன்றுக்கும் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் போதும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீரில் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரையுங்கள். நீர்மோர்ப் பதம் என்றாலும் தப்பில்லை. கெட்டியாக அடித்தால்தான் வெடிக்கும். சுவரை நனைத்துவிட்டு அடியுங்கள். முதல் பூச்சு அடித்ததும் ஒன்றுமே தெரியாது, காசு தண்டம் என்று தோன்றும். காயக் காயத்தான் வெளுக்கும். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஒட்டுவதற்காகச் சிலர் கல்லுப்புப் போடச் சொல்வார்கள். கடலோரத்தில் அது ஈரத்தைக் கூலி கொடுத்துக் கூப்பிடுவதுபோல. கொஞ்சம் வஜ்ரப் பசையோ ஃபெவிகாலோ போதும்.

நீலம் வேண்டுமென்றால் அதே வாளியில் சலவை நீலத் தூளைப் போடலாம். நம் பாட்டிமார் செய்ததுதான். தூள் நீலம் அல்ட்ராமரீன் என்ற நிறமி. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பாட்டிலில் வரும் சொட்டு நீலம் சாயம். அது வேறு, இங்கே நிற்காது. ஈரத்தில் கண்ணைப் பறிக்கும் நீலமாகத் தெரிவது காய்ந்தால் வானம் வெளிறிய மாதிரி ஆகிவிடும். எனவே கதவுக்குப் பின்னால் ஒரு கை அகலம் அடித்து, காயவிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு சுவரோடு நிறுத்துங்கள். நாலு சுவரும் நீலம் என்றால் நீச்சல் குளத்துக்குள் படுத்த மாதிரி இருக்கும். தவிர, உங்கள் ஊர்க் கடல் அந்தப் படங்களில் வரும் பச்சை நீலம் இல்லை. காவிரிக் கிளைகள் கலக்கும் கடல். மழைக்காலத்தில் தேநீர் நிறம். மணலும் சாம்பலும் வெள்ளையும்தான் உங்கள் கடலின் நிறம், நீலம் ஊறுகாய் அளவுக்குப் போதும்.

அந்த நீல வெள்ளைக் கோட்டுக்கு உங்கள் ஊரோடு ஓர் உறவு இருக்கிறது, அதனால் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் கடற்படை 1858இல் தன் மாலுமிகளின் பனியனுக்கு அந்தக் கோட்டை விதியாகவே எழுதிவைத்தது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில். 1954 வரை அப்படித்தான். அந்தப் பனியனில் வெள்ளைக் கோடு 20 மில்லிமீட்டர், நீலக் கோடு அதில் பாதி. இரண்டும் ஒரே அகலமாகப் போட்டால் கண் கூசும். இரண்டுக்கு ஒன்று என்றால் அமைதியாக இருக்கும். வெள்ளைப் பருத்தித் தலையணை உறையைத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டு, இஸ்திரி போட்டு, உள்ளே அட்டை செருகுங்கள். 20 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப்பை 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக ஒட்டி, இடைவெளியில் துணிப் பெயிண்டைப் பஞ்சால் ஒற்றுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் டேப்புக்கு அடியில் கசியும். ஈரம் காயும் முன்பே டேப்பை உரித்துவிட்டு, ஒரு நாள் கழித்து மறுபக்கத்திலிருந்து இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும். இரண்டு உறை போதும். திரைச்சீலை வெறும் வெள்ளைக் கைத்தறியாக இருக்கட்டும், மாதம் ஒருமுறை துவைக்கிற மாதிரி.

கையால் செய்கிற வேலையில் மனநிறைவு தருவது கயிற்றுக் கண்ணாடி. 2 அடி விட்டத்தில் வட்டப் பலகை, நடுவில் 18 அங்குல வட்டக் கண்ணாடி, சுற்றிலும் 10 மில்லிமீட்டர் கயிறு ஏழு சுற்று. கணக்குப் போட்டால் 12 மீட்டர் கயிறு போதும், 13 வாங்குங்கள். பலகைக்குக் கடையில் மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை போட்டது என்று கேளுங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிற தரம் அது. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம், ஊறி அப்பளம் மாதிரி உப்பும். கயிறு தேங்காய் நாராக இருக்கட்டும். உப்பங்கழித் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத் திரித்தும் மக்காத நார் அது. இந்த அறைக்கு அதைவிடச் சோதித்த பொருள் இல்லை. சணல் பார்க்க வழவழவென்று அழகுதான், ஆனால் மூடிய அறையில் முதலில் பூஞ்சணம் பிடித்ததை நான் பார்த்தது சணலில்தான்.

கண்ணாடியை ஒட்டும் பசையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண சிலிக்கோன் டியூபைத் திறந்தால் புளித்த காடி வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், கண்ணாடியின் முதுகிலிருக்கும் பூச்சைத் தின்றுவிடும். ஆறு மாதத்தில் நடுவில் கறுப்புத் தேமல் விழும். டியூபில் 'நியூட்ரல்' என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கயிற்றின் முனையைச் சாய்வாக வெட்டி, கண்ணாடி ஓரத்தை ஒட்டி முதல் சுற்றை இறுக்கிப் படுக்கவையுங்கள். அங்கங்கே சின்ன ஆணியால் தாற்காலிகமாகப் பிடித்து, தண்ணீர் தாங்கும் மரப்பசையில் ஒட்டி, பசை காய்ந்ததும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஹாட் குளூ கன் வேகமாக இருக்கும்; சித்திரையில் பூட்டிய மாடி அறைக்குள் அந்தப் பசை இளகி, கயிறு பாம்பு மாதிரி தரையில் கிடந்ததை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். பலகைக்குப் பின்னால் கீழ்ப்பக்கம் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும். கண்ணாடி ஓரம் கறுக்காமலிருக்கச் சிலர் நகப்பூச்சு தடவுவார்கள். அது கறுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது என்று நினைக்கிறேன், தடுத்ததாகப் பார்த்ததில்லை.

சங்கு, சிப்பி விஷயத்தில் சட்டம் முதலில். பவளம், கடற்குதிரை, கடல் விசிறி இவையெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிரினங்களின் பட்டியலில் 2001இல் சேர்ந்தவை. ராட்சதச் சிப்பியும் வேறு சில சங்கு வகைகளும் அதில் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்காவே 1986இல் அறிவித்தார்கள், இதைக் காப்பாற்றத்தான். கரையில் செத்து ஒதுங்கியதுதானே, கடையில் விற்கிறார்களே என்பதெல்லாம் சமாதானமாகாது. எது பட்டியலில் இருக்கிறது என்று தெரியாத சங்கை வாங்காமலிருப்பதே நல்லது. உங்கள் வீட்டில் மட்டி வாங்கிச் சமைத்தால் அந்த ஓடுகளே போதும். ஒன்றிரண்டு வாரம் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு உப்பை எடுங்கள். பிறகு நிழலில் காயவையுங்கள். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் தொடக்கூடாது. சிப்பி சுண்ணாம்புதான், கரைந்து மினுமினுப்பே போய்விடும்.

சுத்தம் செய்த சிப்பியைக் கண்ணாடி பதித்த மரப்பெட்டிக்குள் அடைத்து மாட்டும் ஆசை வரும். அதிலும் ஓர் ஆபத்து. மூடிய மரப்பெட்டிக்குள் மரமும் பசையும் மெல்ல விடுகிற அமில ஆவி சிப்பியைத் தாக்கி, மேலே மாவு பூத்த மாதிரி ஆக்கும். உப்பு மிச்சமிருந்தால் இன்னும் வேகமாக. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பைன் என்ற ஆங்கிலேயர் இதைக் கிருமி நோய் என்று நினைத்து எழுதினார். கிருமி இல்லை, வெறும் வேதிவினை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பெயர் 'பைன் நோய்' என்றே நின்றுவிட்டது. எனவே சிப்பியைத் திறந்த மண்தட்டிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ போட்டு மேசைமேல் வையுங்கள். தூசி படிந்தால் கழுவிக்கொள்ளலாம். கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் வண்ண மணலை ஜாடியில் அடுக்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாங்கி வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து நீங்களே அள்ளி வர வேண்டாம். கடல் மணலோடு உப்பும் வீட்டுக்குள் வரும்.

கட்டில் தலைமாட்டுக்குக் கோரைப்பாய் சொல்வேன். பத்தமடைப் பாய் கிடைத்தால் பிரமாதம், சாதாரணக் கோரை என்றாலும் குறையில்லை. அதைச் சுவரில் ஆணியடித்து ஒட்டவைக்காதீர்கள். அரை அங்குல ரீப்பர் மரத்தில் சட்டம் செய்து, அதில் பாயை இழுத்துக் கட்டி, மேலே இரண்டு பித்தளைக் கொக்கியில் மாட்டுங்கள். மாதம் ஒருநாள் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் இளவெயில் காட்டிவிட்டு வரலாம். திருகாணிகளுக்குப் பித்தளை அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்குங்கள். எஸ்.எஸ். என்றால் அறைக்குள் 304 தரம் தாக்குப்பிடிக்கும், ஜன்னல் கீலுக்கும் பால்கனிக்கும் 316 கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து இது 316தான் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 304லும் காந்தம் ஒட்டாது. விளக்கு வயரிங்கை மட்டும் நீங்களே தொடவேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நிஜ வலையும் நங்கூரமும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், வலைக்கடையில் கடலைப் பார்க்காத புது வலை இரண்டு மீட்டர் வாங்கி, ஜன்னல் ஓரமாக மட்டும் தொங்கவிடுங்கள். நங்கூரத்தை வாசலில் செடித்தொட்டிப் பக்கம் போட்டுவிடுங்கள். துருப்பிடித்தால் அங்கே அழகுதான்.

இப்போது ஆவணி. சுவர் வேலை ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். கயிறு, தலையணை, பாயெல்லாம் மழையில் உட்கார்ந்து செய்யலாம். இன்று ராத்திரியே அந்தப் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள், ஜன்னலுக்குக் கீழே ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று. ஈரம் எந்தப் பக்கம் கோத்தது என்று இங்கேயே எழுதுங்கள். சுவர்ப் பக்கம் என்றால் சுண்ணாம்பு வாங்கப் போகாதீர்கள். அந்த 20,000 முதலில் மொட்டைமாடிக்குத்தான் போகும்.